அவசரப்பட்டுத் திறந்த அச்சும் எங்கள் நாகலெட்சுமி அம்மையாரும்

மலைக்காற்றின் குளிரையும் உருகும் பிளாஸ்டிக்கின் அனலையும் ஒருசேரத் தாங்கி, ஹட்டன் நுரைவார்ப்புத் தொழிற்சாலையில் கண்ணுங்கருத்துமாய்க் கடமையாற்றி, இன்று ஓய்வு காணும் அன்னையே! அதட்டலிலும் அன்பு குறையாத அம்மையே! கண்டிப்பும் கனிவும் கைகோத்த காரிகையே! எங்கள் மேற்பார்வையாளர் திருமதி நாகலெட்சுமி அவர்களே, வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் தேநீர் ஊற்றுகிறேன் என்று எழுந்து போய்விடுவீர்கள். அந்த வித்தையெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆகவே சற்று நேரம் சபையோரிடம் பேசுகிறோம்.

சபையோரே! அம்மையார் இங்கு வருமுன் வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இருந்தவர். வாடிய கொழுந்தை உள்ளங்கையில் அமுக்கிப் பதம் சொன்ன கை அவருடையது. அந்தக் கையே ஒருநாள் அவரை ஏமாற்றியது.

தேயிலை மூட்டைகளை அடுக்கும் பெரிய தட்டுகள் செய்ய, உருகிய பிளாஸ்டிக்கில் வாயு கலந்து அச்சுக்குள் விடுகிறோம். அது நுரைத்துப் பொங்கி மூலைமுடுக்கெல்லாம் நிறையும். வெளியே கெட்டித் தோல், உள்ளே நுரை. தோல் குளிர்ந்தாலும் உள்ளே சூடு அடங்க நேரமாகும். அன்றோ லொறி வாசலில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே எடுத்த ஒரு தட்டை அம்மையார் தொட்டுப் பார்த்தார்.

"ஜில்லுன்னு இருக்கே ஜீவராஜ், இனிமே சீக்கிரமாவே தொறந்து எடுங்க."

இயந்திரம் இயக்கும் ஜீவராஜ் அப்படியே செய்தார். மாலைக்குள் களஞ்சியத்தில் இருந்த தட்டுகள் ஒவ்வொன்றாய் வயிறு உப்பின. மலைக்குளிர் தோலைத்தான் ஆற்றியிருந்தது; உள்ளே ஆறாத சூட்டில் வாயு பொங்கித் தோலைத் தள்ளிவிட்டது.

"ஆர் நேரத்துக்கு முன்னம் அச்சைத் திறந்தது?" என்று கொதித்தார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த முகாமையாளர் சுகிர்தன். ஜீவராஜ் தலைகுனிந்தார். ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை வாங்கியவர். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அம்மையாருக்கோ உதவி முகாமையாளர் பதவி அந்த மாதமே வரவிருந்தது. அவரை யாரும் கேட்கவில்லை, வாய்மூடி நின்றிருந்தால் போதும். பதவியை நினைத்தார், ஜீவராஜின் குனிந்த தலையையும் பார்த்தார்.

"நான்தாங்க தொறக்கச் சொன்னேன். கொழுந்துன்னு நெனச்சுத் தொட்டுப் பாத்து ஏமாந்துட்டேன். அவரு மேல தப்பில்லீங்க."

பதவி வேறொருவருக்குப் போனது. எங்களுக்கு இன்றும் அதில் வருத்தம்தான்.

அம்மையீர்! இம்மடலில் தங்கள் பெயரின் கீழ் 'மேற்பார்வையாளர்' என்று எழுதக் கை கூசி, வேறு பெரிதாய் ஏதேனும் போடலாமா என்று நேற்றுக் கேட்டோம்.

"வேணாம்ப்பா, அதையே போடுங்க. அந்தப் பேரோட நான் நின்னதாலதான் ஜீவராஜ் இன்னும் நம்மகூட நிக்கிறாரு."

அதையே போட்டிருக்கிறோம், பொன்னெழுத்தில். நோய்நொடி அண்டாமல், நூறாண்டு கடந்தும் எங்களை அதட்டிக்கொண்டே வாழ்க!

இங்ஙனம்,
ஜீவராஜ்
மற்றும் தொழிற்சாலைப் பணியாளர் அனைவரும்