கழற்றி வைத்த தாலிக்கொடி

பெயர்: செல்லத்துரை பிரகலாதன். வயது: 31. முகவரி: கடற்கரை வீதி, கொழும்புத்துறை, யாழ்ப்பாணம். தொழில்: தொலைபேசிக் கோபுரங்களின் ஜெனரேற்றர் பராமரிக்கும் தொழினுட்பவியலாளர். திடீர் மரண விசாரணை அதிகாரி முன்னிலையில் கூறுவதாவது:

இறந்த நிவேதனா, வயது 28, எனது மனைவி. பிள்ளைகள் இல்லை. எனக்கு வேலை வவுனியாவில் என்பதால் இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவேன். அவர் கரையில் மற்றவர்களின் வலைகளில் நண்டு கழற்றிக் கூலி வாங்கி வந்தார். ஆட்களுக்கு முன்னால் சத்தமாகக் கதைக்க மாட்டார். கடையில் பழுதான தேங்காய் கொடுத்தாலும் திருப்பிக் கொடுக்காமல் கொண்டு வருவார்.

கடந்த மாசி மாதம் கடற்றொழில் பரிசோதகர்கள் கரைக்கு வந்து, தடைசெய்யப்பட்ட, நைலோன் இழையாலான தங்கூசி வலை ஒன்றைக் கண்டு, அது யாருடையது என்று நின்றவர்களிடம் கேட்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வலையில் அப்போது நண்டு கழற்றிக்கொண்டிருந்தவர் என் மனைவி. அது கரைச் சங்கத் தலைவர் நாகலிங்கத்தின் வலை என்று அவர் சொன்னார். ஏன் சொன்னாய் என்று நான் பின்னர் கேட்டபோது, "கையிலை வலையை வைச்சுக்கொண்டு தெரியாது எண்டு எப்பிடியப்பா சொல்லுறது?" என்றார்.

அதன் பின்னர் சங்கக் கூட்டத்தில் அவரை நடுவில் நிறுத்தி, தலைவரின் காலில் விழும்படி சொன்னார்கள். அவர் விழவில்லை. நின்றபடியே அழுதார். ஒருவர் அதைப் போனில் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். எனக்கும் வந்தது. அடுத்த நாள் ஒலிபெருக்கியில், பிரகலாதன் வீட்டோடு ஒருவரும் கொடுக்கல் வாங்கல், கொண்டாட்டம் வைக்கக்கூடாது என்று அறிவித்தார்கள். அதன் பின்னர் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. கடையில் சாமான் முடிந்துவிட்டது என்றார்கள். பக்கத்து வீட்டார் வேலியில் நாங்கள் நுழைந்து போய்வந்த பொட்டை அடைத்தார்கள்.

வவுனியாவில் வாடகைக்கு வீடு எடுப்போம் என்று நான் சொன்னேன். "இப்ப ஓடினா அவை சொன்னது சரியாப்போடும். நீங்கள் வேணுமெண்டா இஞ்சை வாங்கோ, நண்டு காய்ச்சித் தாறன்" என்றார். அதன் பின்னர் தன் காலஞ்சென்ற தகப்பனாரின் சிறிய வள்ளத்தை இறக்கித் தனியாகத் தொழிலுக்குப் போகத் தொடங்கினார். எங்கள் கரையில் பெண்கள் வள்ளம் எடுப்பதில்லை. எஞ்சினை நான் திருத்திக் கொடுத்தேன். எங்கே கழற்றுவது, எங்கே பூட்டுவது என்று ஒருமுறைதான் காட்டினேன்.

தாலிக்கொடி பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில்: முதற்கிழமையிலேயே கொடி வலைக்கண்ணில் கொழுவி, வலையோடு சேர்ந்து கழுத்தும் இழுபட்டது. சிவந்த தடத்தை வீடியோவில் எனக்குக் காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் விடியக் கொடியைக் கழற்றி, அம்மன் படத்துக்கு முன்னால் செம்புக்குள் வைத்துவிட்டுப் போவார். வந்ததும் எடுத்துப் போடுவார். புருஷன் உயிரோடு இருக்கும்போது கொடி கழற்றுவது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. ஆகவே முதலில் துவாயால் கழுத்தை மூடிக்கொண்டு போனார். ஒருநாள் கமலாவதி என்ற பெண் எல்லோருக்கும் கேட்க, "மனுசன் இருக்கேக்கை வெறுங்கழுத்தோடை வெளிக்கிடுறாள், பாருங்கோடி!" என்றார். அதற்கு என் மனைவி, "கொடி செம்புக்கை கிடக்கு, மனுசன் போன் ரவரிலை நிக்கிறார். ரெண்டும் பத்திரம் அக்கா, நீங்கள் யோசியாதேங்கோ" என்றாராம். கமலாவதியே சிரித்துவிட்டதாக என் மனைவி சொன்னார். அன்றோடு துவாயை விட்டுவிட்டார்.

கரையில் ஒருவரும் அவருடைய நண்டை வாங்காதபடியால் பஸ்ஸில் நெல்லியடிச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார். நான் ஒருநாள் அங்கே போனேன். விலை கூவும் சத்தம் கேட்டது. அது என் மனைவியின் குரல் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

அவருடன் கதைப்பதற்கு வேறு ஆள் இருக்கவில்லை. ஆகவே வள்ளத்தில் போனைத் தகரப் பேணிக்குள் நிறுத்தி வைத்து, என்னைக் கதைக்கச் சொல்வார். நான் எண்ணெய் மாற்றியதையும் பில்ற்றர் கழுவியதையும் சொல்வேன். "ம், பிறகு?" என்பார்.

சம்பவ தினமும் அப்படித்தான். இடையில் அவர், "எஞ்சின் விசிறியிலை ஆரின்ரையோ கயிறு சுத்திப்போட்டுது. நில்லுங்கோ, வாறன்" என்றார். நான் நின்றேன். தண்ணீர்ச் சத்தமும் காற்றும் கேட்டன. பின்னர் காற்று மட்டும் கேட்டது. தொலைபேசிக் கம்பனியின் பதிவில் அழைப்பின் நேரம் இருக்கும், பேச்சு இராது என்பது எனக்குத் தெரியும். அழைப்பைத் துண்டிக்காமல், சக ஊழியரின் போனிலிருந்து கரையிலுள்ளவர்களுக்கு எடுத்தேன். என் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள். கமலாவதி மட்டும் வைக்கவில்லை. அவர் கத்தித்தான் வள்ளங்கள் போயின. என் மனைவியை அவருடைய சொந்த வலைக்குள் கால்கள் சிக்கிய நிலையில் எடுத்தார்கள்.

உடலில் கொடி இல்லாததைப் பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் செம்பைப் பார்த்துவிட்டு, "அம்மாளாச்சியிட்டைக் குடுத்திட்டுச் சாகப் போயிட்டாள்" என்று கதைத்தார்கள். நாகலிங்கமும் தன் வாக்குமூலத்தில், அவமானத்தால் உயிரை விட்டார் என்று சொல்லியிருப்பதாக அறிகிறேன். அவர்மீதுள்ள தங்கூசி வலை வழக்கில் என் மனைவிதான் சாட்சி. செத்த வீட்டுக்கு என் மேலதிகாரியும் கமலாவதியும் வந்தார்கள். கமலாவதி, "அவள் சாகப் போகேல்லைத் தம்பி. வாற கிழமை என்னையும் வள்ளத்திலை ஏத்துறன் எண்டவள். எங்கையெண்டாலும் என்ரை பேரைப் போடு" என்றார். ஆகவே அவர் பெயரையும் சாட்சியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வள்ளத்தை நான் பொலிஸாருடன் சேர்ந்து பார்த்தேன். நங்கூரம் போடப்பட்டிருந்தது. எஞ்சின் மேலே தூக்கிக் கொழுவப்பட்டிருந்தது. விசிறியில் சுற்றிய கயிறு பாதி அறுக்கப்பட்டிருந்தது; மிச்சத்தை அறுக்கத் தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும். விசிறியைப் பிடித்திருக்கும் சிறிய பின்னைக் கழற்றி, உருண்டு போகாமல் பிளாஸ்க் மூடிக்குள் வைத்து, அதன்மேல் ஈரத்துணி போட்டிருந்தார். நான் எட்டு வருடமாக இயந்திர வேலை செய்கிறேன். திரும்பப் பூட்ட இருப்பவர்தான் பின்னைப் பத்திரப்படுத்துவார்.

இதை எழுதியவர் வாசித்துக் காட்டியபோது "சமூகத்தில் ஏற்பட்ட அவமானம் தாங்காமல்" என்று ஒரு வரி இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. அவர் தாங்கினார். கயிறு அறுக்க இறங்கினார். அந்த வரியை என் முன்னால் வெட்டுவித்து, பக்கத்தில் என் சிறுகையொப்பம் இட்டிருக்கிறேன்.

வெட்டிய வரி நீங்கலாக, மேலே எழுதப்பட்டவை அனைத்தும் என் வாயால் சொன்னவை, உண்மையானவை.

(ஒப்பம்) செ. பிரகலாதன்