ஹேல்ஸ்டன் ஹோட்டலின் மேல்மாடி

இரவு ஒன்றரை மணி. கப்பன் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சிறிய சாலை. இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள்... ஆட்டோ இல்லை. ஆள் இல்லை. அந்தச் சாலையில் ஒரு பெண்மணி தனியாக நடந்துபோய்க்கொண்டிருந்தார். காலில் வீட்டுச் செருப்பு. நைட்டியின் மேல் கணவரின் ஸ்வெட்டர்.

அவர் பெயர் பியாட்ரிஸ். நம்முடன் வேலை செய்யும் ஷெர்வினின் அக்கா.

ஷெர்வின் இந்த வாரம் ஏன் அலுவலகம் வரவில்லை என்று சற்று முன்பு சிந்து கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மன்னிக்கவும். கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடாமல், ஒரே மெழுகுவத்தியைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு கதை என்று முடிவாகிவிட்டது. என் முறைக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. சொல்லிக்கொள்ளலாம் என்று ஷெர்வினும் அனுமதி தந்திருக்கிறார். எனக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஹேல்ஸ்டன் ஹோட்டல். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் தண்டு இந்தப் பக்கம் இருந்த காலத்தில் ஒரு கம்பளி வியாபாரி தன் குடும்பத்துக்காகக் கட்டிய வீடு. சுண்ணாம்புக் காரை. தேக்கு உத்தரம். ஜன்னல்களுக்கு மேலே கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் மரச் சாய்ப்பு. ஊரில் அதை 'மங்கி டாப்' என்பார்கள். பிறகு அது ஹோட்டலாயிற்று. கீழே சாப்பாட்டுக் கூடம், மேல்மாடியில் வரிசையாக அறைகள்.

“சார், பேய் எத்தனை மணிக்கு செக்-இன் பண்ணும்?” என்கிறார் சிந்து. சிரியுங்கள். நானும் முதலில் சிரித்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உரிமையாளர்கள் மாறினார்கள். புதியவர்களுக்குக் கல்யாண மண்டபம் வேண்டியிருந்தது. உயரமான மண்டபம்... பெரிய சரவிளக்கு தொங்கவேண்டும். ஆகவே நடுப்பகுதியின் மேல்மாடியை எடுத்துவிட்டார்கள். சுவர்கள் அப்படியே. நடுவில் இருந்த தளம் மட்டும் இல்லை. உத்தரங்களை அறுத்து, பலகைகளைப் பிரித்து, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் மாடி அறைக் கதவுகளில் ஒன்றை அழகுக்காக விட்டுவைத்தார்கள். சுவரில், நமக்கு மிக மேலே, வெள்ளை பெயின்ட் அடித்த ஒரு கதவு. பித்தளைக் குமிழ் உண்டு. முன்னால் தரை இல்லை. பின்னால் இருந்த அறையும் இடிபட்டு, கார் நிறுத்துமிடத்துக்கு மேலே வெறும் காற்று. ஆணி அறைந்து மூடியிருந்தார்கள். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்து அதைப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

பியாட்ரிஸ் அக்காவின் கணவர் ஆம்ப்ரோஸ் அந்த ஹோட்டலில் எலக்ட்ரீஷியன். மேல்மாடி இருந்த காலத்திலிருந்தே அங்கே இருப்பவர்.

அன்றிரவு அக்காவுக்கு ஃபோன் செய்தவர் இரவு மேலாளர் மஞ்சுநாத். “அக்கா, சீக்ரம் வாங்க. யாரையும் கூட்டிட்டு வராதீங்க” என்று மட்டும் சொன்னார். சிவாஜிநகரில் சர்ச்சுக்குப் பின்சந்தில் அவர்கள் வீடு. ஆட்டோ கிடைக்கவில்லை. நடந்தே போனார்.

மஞ்சுநாத் வாசலிலேயே நின்றிருந்தார். ஷூ இல்லாமல், வெறும் சாக்ஸோடு.

“அக்கா, கூகபேடி... கத்தாதீங்க. ப்ளீஸ். மேல பாருங்க. ஆனா சத்தம் பேடா, வேணாம்.”

“அவருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. இன்னும் ஒண்ணும் ஆகல.”

மண்டபத்துக்குள் மறுநாள் கல்யாணத்துக்கு மேடை போட்டிருந்தது. ரோஜா வாசனை. அதற்கு மேல் இன்னொரு வாசனையும்... மரப் பாலிஷும் அந்துருண்டையும் கலந்தாற்போல. பூட்டிய பழைய அலமாரியைத் திறந்தால் வருமே, அது. ஊழியர்கள் வெறுங்காலோடு, பேசாமல், அறைகளிலிருந்து மெத்தைகளைத் தூக்கிவந்து தரையில் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

டக்... டக்... என்று மேலே காலடிச் சத்தம். மரப்பலகையில் ஷூ நடக்கும் சத்தம்.

அக்கா அண்ணாந்து பார்த்தார்.

சரவிளக்கின் பக்கத்தில் சக்கரம் வைத்த இரும்புச் சாரம் நின்றது. அதன் மேல்தட்டில் யாரும் இல்லை. அதிலிருந்து சற்றுத் தள்ளி, வெறும் காற்றில், ஆம்ப்ரோஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் டெஸ்டர். நம் வீட்டில் நாம் நிற்பதுபோல நின்றார்.

“லைட்ல ரெண்டு பல்பு எரியலன்னு ஏறினாரு அக்கா,” மஞ்சுநாத் கிசுகிசுத்தார். “ஏறினதும் யாருக்கோ 'வரேன் மேடம்'ன்னாரு. அவ்ளோதான்... இறங்கிட்டாரு. அந்தப் பக்கம்.”

இருபது வருடம் ஹோட்டலில் வேலை செய்தவருக்கு அது பழக்கம். விருந்தினர் கூப்பிட்டால் யார், எங்கே என்று பார்ப்பதற்கு முன் வாய் 'வரேன்' என்றுவிடும். கால் அதற்கும் முன்னால் போய்விடும்.

சாரத்தை அவருக்குக் கீழே தள்ளிப் பார்த்தார்களாம். சக்கரம் கிரீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்கு அவர் திடுக்கிட்டார்... வலது கால் முழங்கால்வரை காற்றுக்குள் புதைந்தது. சேற்றில் இறங்குவதுபோல. பிறகு மெல்ல மேலே வந்தது. அதற்குமேல் யாரும் எதையும் தொடவில்லை. மஞ்சுநாத் இரண்டு முறை கூப்பிட்டதற்கு, விரலை உதட்டில் வைத்து 'உஷ்' என்றாராம்.

அக்கா எல்.கே.ஜி. டீச்சர். மதில்மேல் ஏறிவிட்ட குழந்தையைக் கத்திக் கூப்பிடக்கூடாது என்று அவருக்குத் தெரியும்.

“ஏங்க,” என்றார்.

ஆம்ப்ரோஸ் கீழே பார்க்கவில்லை. சுவரில் இருந்த அந்த வெள்ளைக் கதவைப் பார்த்தார். குரல் அங்கிருந்து வருகிறது என்று நினைத்தார் போலும்.

“பியாட்டியா? நீ ஏம்மா இங்க வந்த? மெதுவாப் பேசு. ரூம்ல கெஸ்ட் இருக்காங்க.”

“வேலை முடிஞ்சுதா?”

“எங்க முடிய. பாவம், மேடம் எவ்ளோ நேரமா இருட்டுல உக்காந்திருக்காங்க.” பிறகு பக்கத்தில் திரும்பி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்தார். “ஐயோ, டீயெல்லாம் வேணாம் மேடம். டியூட்டில இருக்கேன்.”

ஏதோ பதில் வந்திருக்க வேண்டும். தலையை ஆட்டினார். உட்காரப் போகிறவர்போல முழங்காலை மடக்கினார்.

உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார் என்று அக்காவுக்குத் தோன்றியதாம். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை.

“ஏங்க, பல்பு மேல தப்பில்ல,” என்றார். “ஹோல்டர் போயிருக்கும். நம்ம வீட்டுல போகலையா? ஸ்டோர்லருந்து புது ஹோல்டர் எடுத்துட்டு வந்து மாட்டுங்க. மேடம் எவ்ளோ நேரம் இருட்டுல இருப்பாங்க?”

ஆம்ப்ரோஸ் யோசித்தார்.

“அதுவும் சரிதான்,” என்றார். நிமிர்ந்தார். “ஒரே நிமிஷம் மேடம். இதோ வந்துட்டேன்.”

ஹோட்டல் முறைப்படி, விருந்தினருக்கு முதுகு காட்டாமல் பின்னோக்கியே நடந்தார். டக்... டக்... முதுகு சாரத்தின் குழாயில் முட்டியது. அதைப் பிடித்தார். மேல்தட்டில் ஏறினார். ஏணியில் ஒவ்வொரு கம்பியாக இறங்கினார். மெத்தையில் கால் வைத்ததும் அக்கா அவர் கையைப் பற்றிக்கொண்டார். ஐஸ் போல இருந்ததாம். மஞ்சுநாத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அவ்வளவுதான். அவர் விழவில்லை. அடி படவில்லை. மெத்தைகள் அறைகளுக்குத் திரும்பிப் போயின, உறை மாற்றினார்கள். காலையில் அந்த மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. நல்ல கூட்டம் என்று கேள்வி.

கதை இங்கே முடிந்திருந்தால் ஷெர்வின் இன்று நம்முடன் இருந்திருப்பார்.

வீட்டுக்கு வந்த ஆம்ப்ரோஸ் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். காலைக் கீழே வைக்கவில்லை. மறுநாளும் வைக்கவில்லை. டைல்ஸ் போட்ட சாதாரணத் தரை. அதைக் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். பாத்ரூமுக்கு ஷெர்வின்தான் தூக்கிக்கொண்டு போகிறார். அதற்காகத்தான் விடுப்பு. அதிர்ச்சி, சரியாகிவிடும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஃபாதர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அவருக்கும் ஆம்ப்ரோஸ் மரியாதையாக வணக்கம் சொன்னார். சாப்பிடுகிறார். பேசுகிறார். ஆனால் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அதை முதலில் யாரும் கவனிக்கவில்லை.

நேற்று இரவு ஷெர்வின் ஃபோனில் சொன்னதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். நீங்கள் அனுமதித்தால்.

அக்கா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கிண்ணத்திலிருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கீழ என்னதாங்க தெரியுது?” என்று அக்கா கேட்டார்.

“என் வொய்ஃபு,” என்றார் ஆம்ப்ரோஸ். “ரொம்பக் கீழ நிக்கறா. அண்ணாந்து பார்த்துட்டு... வாங்க வாங்கன்னு கூப்பிட்டுட்டே இருக்கா. பாவம். எப்படி இறங்கறதுன்னுதான் தெரியல.”

பிறகு திரும்பி, அக்காவின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்க இன்னும் தூங்கலையா, மேடம்?”