இடப்பக்கத்துப் புள்ளி

...உங்களச் சொல்லலைங்க, நேத்து வந்தாரே, அவரச் சொல்றேன். திரையில வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா பட்டனை அழுத்துங்கன்னா, தெரியப்போற மாதிரி இருந்துச்சுன்னு முன்னாடியே அழுத்துறாரு. நான் எழுதின புரோகிராம் என்ன ஜோசியமா பாக்குது? புள்ளி எப்ப வந்துச்சு, விரல் எப்ப விழுந்துச்சு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். உக்காருங்க, கம்ப்யூட்டர் முழிச்சுக்க நேரமாகும்.

எங்க பேராசிரியர் இருக்காரே, மனோதத்துவம்... சோதனைக்கு ஆள் கிடைக்கலன்னா என் தலையிலதான் கட்டுவாரு. உங்க வீட்டுல யாரும் இல்லையாங்கிறாரு. இருக்காங்களே, என் மாமியார். கூட்டிட்டு வந்தேன். இதே நாற்காலிதான். முடிச்சுப் பாத்தா, வலப்பக்கம் வந்த புள்ளிக்கெல்லாம் டாண் டாண்ணு அழுத்தியிருக்காங்க. இடப்பக்கம்? ஒண்ணுகூட இல்ல.

"உன் புரோகிராம்ல இடப்பக்கம் புள்ளியே வரல போல"ங்கிறாரு. வருது சார், என் கண்ணுக்குத் தெரியுதேங்கிறேன். கேக்கணுமே. வரிவரியா நோண்டினேன். கீபோர்டை மாத்தினேன். அலுத்துப்போய் வீட்டுக்குப் போனா, அங்க இவங்க சாப்பாட்டு மேசையில இடக்கைப் பக்கம் வச்ச டம்ளரைத் தட்டிவிட்டுட்டு நிக்கிறாங்க. தினமும் இதே வேலை. "கண்ணை எங்க வச்சிருக்கீங்க அத்தை"ன்னு கத்திக்கிட்டே துடைக்கக் குனிஞ்சேன்...

அப்பத்தாங்க உறைச்சுது. டம்ளரும் இடப்பக்கம், விட்டுப்போன புள்ளியும் இடப்பக்கம்.

கண் டாக்டர் பாத்தாரு. ரெண்டு கண்ணுலயும் நரம்பு கெட்டுட்டு வருதாம். வலியே இருக்காதாம், அவங்களுக்கே தெரியாதாம். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாத்திடலாம்னு சொட்டு மருந்து குடுத்தாரு. காலையிலயும் ராத்திரியும் நான்தான் விடுறேன். விடுறப்பல்லாம் திட்டு, என் கை நடுங்குதாம். அக்கம்பக்கத்துல அத்தை என்ன சொல்லிட்டிருக்காங்க தெரியுமா? எனக்கு அப்பவே சந்தேகம், நான்தான் மருமகளைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போனேன்னு.

பேராசிரியராவது ஒரு வார்த்தை... ம்ஹூம். "அப்ப அவங்க கணக்குல சேர மாட்டாங்க, வேற ஆளைப் பாரு"ங்கிறாரு.

சரி, மெஷின் வந்துடுச்சு. மோவாயை இந்தத் தாங்கியில வைங்க. நடுவுல இருக்கிற கூட்டல் குறியையே பாருங்க... என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? போன் பண்ணணுமா? யாருக்கு, அம்மாவுக்கா?

கதவு நிலையில இடிச்சுக்கிறாங்களா. எப்பவும் ஒரே பக்கமா?

போன்லயெல்லாம் கேக்காதீங்க, நல்லாத்தான் தெரியுதும்பாங்க. இப்பவே கூட்டிட்டு நேரா கண் டாக்டர்கிட்ட போயிடுங்க. அட, பையை எடுத்துக்கங்க. இங்க நான் பாத்துக்கிறேன்... இன்னிக்கு ஆள் வரலன்னு சொல்லிக்கிறேன்.