ஏரிப்பாலத்து நுரையும் என் கத்திரியும்

பாலத்து டெய்லரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. முகவரி, ஏரிப்பாலத்தின் கிழக்கு முனையில் உள்ள என் தையல் கடையின் மாடி. காவல் நிலையத்தில் விசாரித்தபோது நான் சொன்னதாவது:

என் கணவருக்குச் சிறுநீரகம் பழுது. பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மருத்துவமனையில் அவருக்கு ரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. நேரம் தவறினால் அன்றைய இடம் அடுத்தவருக்குப் போய்விடும், இவருக்கு மூச்சு முட்டும்.

ஊர்ச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் சேருமிடம் எங்கள் ஏரி. அதனால் மதகில் எப்போதும் நுரை பொங்கிச் சாலைக்கு வரும். நேற்றுக் காலை மேலதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்ததால், நகராட்சிப் பொறியாளர் டேங்கர் லாரியுடன் வந்தார். கழிவை நிறுத்த வரவில்லை, நுரையை மறைக்க வந்தார். அதன் பிறகு லாரியின் உறிஞ்சு குழாயை அதே ஏரியில் இறக்கி, அதே தண்ணீரை மோட்டார் வேகத்தில் நுரைமேல் அடிக்கச் சொன்னார். ஒரு முறையாவது பாத்திரம் துலக்கியவர் இந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார். முழங்கால் அளவு இருந்த நுரை ஆள் உயரம் எழுந்தது. "இன்னும் வேகமா அடிங்கப்பா, அடங்கிடும்" என்றார். அடங்கவில்லை. சற்று நேரத்தில் அவருடைய தொப்பி மட்டுமே வெளியே தெரிந்தது.

அதன் பிறகு என் கணவரை ஏற்றிச் சென்ற ஆட்டோ நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவர் இடிந்த பாலம் அது. "அக்கா, ஓரம் எதுன்னே தெரியல, நகர்ந்தா தண்ணிக்குள்ளதான்" என்று ஓட்டுநர் கத்தினார். நான் தொப்பியை நோக்கி, "சார், கொஞ்ச நேரம் நிறுத்துங்க, உள்ள நோயாளி இருக்காரு" என்றேன். "பெரியவங்க வர்ற நேரத்துல உன் ஆட்டோதான் முக்கியமா? போய்த் துணி வெட்டுற வேலையைப் பாரும்மா" என்றார்.

அதன் பிறகு அதையே பார்த்தேன். கடையிலிருந்த பெரிய கத்திரியை எடுத்து வந்து பீய்ச்சும் குழாயை அறுத்தேன். கான்வாஸ் துணிதான், இரண்டே வெட்டு. நுரைமேல் பீய்ச்சுவது நின்றது, காற்று நுரையைத் தள்ளியது, ஆட்டோ போய்ச் சேர்ந்தது. என் கணவருக்கு இடம் கிடைத்தது.

அரசுச் சொத்தைச் சேதப்படுத்தி, ஒரு லாரி நல்ல குடிநீரை நான் வீணாக்கியதாகப் பொறியாளர் புகார் எழுதியிருக்கிறார். அறுந்த குழாயிலிருந்து பிடித்த தண்ணீர், சாட்சிப் பொருளாக ஒரு வாளியில் இந்த அறைக்கு வந்தது. காவலர் அதை மேசையருகே வைத்தபோது குலுங்கி, விளிம்பு வரை நுரைத்தது. எதிரே அமர்ந்திருந்த பொறியாளர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நாத்தம் தாங்கல, அதை வெளிய வைங்க சார்" என்றார். அவர் எழுதிய குடிநீர் இப்போது வராந்தாவில் இருக்கிறது.

குழாயை அறுத்ததை மறுக்கவில்லை. கத்திரியைத் திருப்பித் தரவும், எனக்கு வேலை இருக்கிறது. சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. படித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது இதுவே.

(ஒப்பம்)
பாலத்து டெய்லரம்மா