திரையோரத்து நாற்காலி

அங்க வேண்டாம் தம்பி, அந்தப் பெஞ்சு ஆடும்! இங்க வாங்க, திரைய ஒட்டி ஒரு நாற்காலி இருக்கு பாருங்க, இதுல நல்லா சாஞ்சு உக்காருங்க. எத்தன தடவ சொல்றது... என்ன, வாசப்பக்கம் காத்து வருதா? கன்சாஸ்ல காத்துக்கா பஞ்சம்? நேத்து என் கோழியையே தூக்கிட்டுப் போச்சு!

சரி, சாப்பிடுங்க. சோள ரொட்டி நல்லாருக்கா? வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துரும்? இந்த விடுதிய ஆரம்பிச்சதுலேருந்து எத்தன பேரு தின்னாச்சு! ஒருத்தன்... ஒரே ஒருத்தன் திரும்ப வந்து "அக்கா, போன தடவ சாப்பாடு பிரமாதம்"னு சொன்னதில்ல. நன்றி கெட்ட ஜனம்!

என்ன பாக்குறீங்க? அந்த பூட்ஸுங்களா? வந்தவுங்க விட்டுட்டுப் போனது. ஆமா, சோடி சோடியா விட்டுட்டுப் போறாங்க. அவ்வளவு மறதி!

உங்க குதிரையா? எம்பொண்ணு கெசியா தண்ணி காட்டுறா. அந்தச் சாம்பல் குதிரைய அவளுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இப்பவே பேரு கூட வெச்சுட்டா.

திரைக்கு அந்தப் பக்கமா? எங்க வீட்டுக்காரர்தான், ஓபதையா. சுத்தச் செவுடு. சம்மட்டியோட நிக்கிறாரு. ஆணி அடிக்கத்தான், வேற எதுக்கு? ஒரு வேலையும் உருப்படியா வராது தம்பி! போன மாசம் ஒரு ஆட்டு யாவாரி, தங்கமான மனுஷன், சொன்ன ஒடனே சாஞ்சு உக்காந்தாரு. தலை பட்டுத் திரைத்துணி புடைச்சா இவரு வேலைய முடிக்கணும்ல? அத விட்டுட்டு, யாருன்னு பாக்கத் திரைய விலக்குறாரு! யாவாரி எந்திரிச்சு கை குடுக்குறாரு! மானமே போச்சு. அந்தாளத் தோட்டம் வரைக்கும் தொரத்துனது யாரு? நானு! இந்த முட்டிய வெச்சுக்கிட்டு!

அன்னிக்கே சாடை காட்டிச் சொல்லிட்டேன். யோவ், இனிமே எட்டிப் பாக்காதே, யோசிக்காதே, துணி புடைச்சா போடு! பூசணிக்காய வெச்சுப் பழக்கினேன். இப்ப குறி தப்புறதே இல்ல. என் பூசணிக்காதான் எல்லாம் போச்சு. நீங்க குடிச்ச சூப்பு கூட அதுலதான்.

எழுந்துட்டீங்களா? இருங்க, காப்பி சூடு பண்றேன்... பாழாப்போன அடுப்பு... ஊதி ஊதி நெஞ்சு வலிக்குது... சக்கரை எவ்வளவு போட? தம்பி?... தம்பீ! அடப்பாவி! கெசியா, குதிரையப் புடிடி! புடி!

போயிட்டான். ஊருக்குள்ள போயி என்னென்ன சொல்லுவானோ! இனி எவன் இந்தப் பக்கம் வருவான்? நம்ம பொழப்பே போச்சு! நான் என்னடி பண்ணினேன்? பேசிக்கிட்டுத்தானே இருந்தேன்!

அய்யோ முட்டி... செத்த உக்காந்துக்குறேன். அப்பாடா! இந்த நாற்காலி இவ்வளவு சொகமாவா இருக்கும்? இத்தன பேரு உக்காந்தானுங்க, ஒருத்தனும் சொல்லலியே...

ஏண்டி கெசியா, வாசல்ல நின்னு ரெண்டு கையையும் ஆட்டுற? எந்திரிக்கணுமா? போடி, பெத்தவ நிம்மதியாத் தலைய சாய்க்கிறது கூட உனக்குப் பொறுக்க—