ஸ்கேனில் மாஸ்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவள் மடியில் ஸ்கேன் உறை இருந்தது.

“என் வயித்துல மாஸ் கீதுன்னு எழுதிக்கிறாங்கய்யா. நம்ம புள்ள படம் பாத்துட்டு வந்து மாஸு, மாஸுன்னு கத்துவானே, அதுவா?”

அவன் சிரிக்கவில்லை. கைபேசியில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தான்.

“இன்னா போட்டுக்கீது?”

“எடைன்னு போட்டுக்கீது. கூட்டம்னு போட்டுக்கீது. சர்ச்சுல பூச வெக்கிறாங்களே, அதுக்கும் இதான் பேராம்.”

“எனுக்கு எது?”

“எடையாத்தான் இருக்கும். வெயிட்டு போட்டுட்ட நீ.”

“ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. எங்கய்யா வெயிட்டு போட்டேன்?”

திரையில் நாலாவதாகக் ‘கட்டி’ என்று இருந்ததை நான் பார்த்தேன். அவன் அதைப் படித்துக் காட்டாமல் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பருத்திப்பட்டு வந்ததும் அவள் எழுந்தாள். அவன் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

“ஊட்டுக்கு அப்பறம் போலாம். டாக்டரு பூந்தமல்லியிலதான கீறாரு. நாளைக்குன்னு தள்ள வேணாம், இப்பவே காட்டிடலாம்.”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“எடைக்காய்யா இவ்ளோ அவசரம்?”