டிரைவருக்கு சம்மன் அனுப்ப முடியாது

இல்ல சார், டிரைவர்னா அது ஆளு இல்ல. அவனையும் கூப்புட்டு விசாரிக்கலாமான்னு கேட்டா நான் இன்னா சொல்றது? அதுக்கு சம்மன் குடுத்தா வாங்கிக்கறதுக்கு வூடு கெடையாது, வாசல் கெடையாது. மேடம், அத்த டைப் பண்ண வாணாம், சும்மா சொன்னேன். கோச்சிக்காதீங்க சார். காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல, வாயி அதும்பாட்டுக்குப் போவுது.

மொதல்லேர்ந்தா? சரி சார். பேரு கோவர்த்தனன். சொந்த ஊரு நகரி. நைனாவுக்கு நாலு பவர்லூம் தறி. திருப்பதில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால சுரேஷ்பாபு சார் கம்ப்யூட்டர் கம்பெனி வெச்சிருக்காரு, அங்க நாலு வருசமா புரோகிராம் எழுதறேன். செத்துப்போன பச்சையப்பன் எங்க அக்கா மல்லிகா வூட்டுக்காரரு, எனக்கு மாமா. அதோ, வெளிய பெஞ்சுல வலது கையில கட்டுப் போட்டுக்கினு உக்காந்துக்கினு கீறாளே, அவதான் அக்கா. அந்தக் கட்டா? அது மாமா அடிச்சது இல்ல. அத அப்பறம் சொல்றேன்.

ஆர்டிஓவா இருந்தும் நீங்க தமிழ்லயே கேக்கறது நல்லதாப் போச்சு சார். தெலுங்குலயும் சொல்லுவேன், ஆனா அதுல சொன்னா ஆபீசு பேச்சா பூடும்.

போலீஸ் ஸ்டேஷன் வேல எங்க கம்பெனிக்கு வந்தது போன வருசம். ரவுடி ஷீட்டு எல்லாம் கட்டுக் கட்டாக் கீது, எலி துன்னுது, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுன்னாங்க. ரெண்டாயிரமாவது வருசம் பொறந்துட்ச்சி, நாமளும் மாறணும்னு மேலேர்ந்து ஆர்டராம். பேர அடிச்சா அவன் மேல இன்னா இன்னா கேஸ் இருக்குதுன்னு காட்டணும். அவ்ளோதான். எழுதுனது நான் ஒருத்தன்தான்.

இப்ப அந்த டிரைவரு. புரோகிராம் ஒரு பக்கம் சார். பேரும் கேசும் அடுக்கி வெச்சிருக்கற டேட்டாபேஸ் ஒரு பக்கம். இது பேசறது அதுக்குப் புரியாது. எங்கூருக்கு சேல வாங்க வடக்கேர்ந்து சேட்டு வருவாரு. தறிக்காரனுக்கு அவரு பேச்சு தெரியாது, நடுவுல ஒரு புரோக்கர் நின்னுக்கினு ரெண்டு பக்கமும் சொல்லுவான். அந்த புரோக்கருதான் டிரைவரு. புரோகிராமு, ரவுடி பட்டியல்லேர்ந்து இந்தப் பேர எடுத்தாடான்னு சொல்லும், அவன் போயி எடுத்தாருவான். ஆனா ரவுடி பட்டியல்னா எந்த ரவுடி பட்டியல்? அது புரோகிராமுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல ஒரு சின்னப் பெட்டி தெறக்கும், எந்தப் பட்டியல்னு அதுல எழுதி வெச்சிருப்போம். அந்தப் பெட்டில எந்தப் பேரு இருக்குதோ அங்கதான் டிரைவரு போவான். தப்பான வூட்டுக்குப் போனாலும் சரியான வூட்டுக்குப் போன மாதிரியே எடுத்தாந்து குடுப்பான். ஒரு வார்த்த எதுத்துக் கேக்க மாட்டான்.

ஆமா சார், பட்டியல் ரெண்டு. ஒண்ணு நெசம். இன்னொண்ணு பழகறதுக்கு. புரோகிராம் எழுதறப்போ நெசமான ரவுடிங்க பேர வெச்சிக்கினு வெளயாட முடியாது இல்லியா? பொய்யா எரநூறு பேரு ஏத்தணும். எரநூறு பேருக்கு நான் எங்க போவேன்? எங்க தெருவ ஏத்தனேன். மொத பேரு என்னிது, கோவர்த்தனன், ஜேப்படி. நைனாவுக்கு கள்ளச் சாராயம். பால் ஊத்தற ஜெயம்மாவுக்கு சங்கிலி அறுப்பு. அந்தம்மாவுக்கு எழுவது வயசு சார். ஆபீஸ்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். எஸ்பி ஆபீஸ்ல டெமோ காட்டுனப்பவும் இதே பட்டியல்தான். அங்கயும் சிரிச்சாங்க.

எண்பத்தி நாலாவது பேரு மாமாது. எல்லாருக்கும் ஒரு கேசு, அவருக்கு மூணு. கொல ஒண்ணு. கொல முயற்சி ஒண்ணு. கான்ஸ்டபிள் ஒருத்தர வயித்துல குத்திட்டாரு, எப்பவும் இடுப்புல கத்தி இருக்கும்னு ஒண்ணு. ஏன் மூணுன்னா... அந்த வாரம் அக்கா வாயி வீங்கி வந்திருந்தா சார். கன்னத்துல அஞ்சு வெரலு அச்சு. கீபோர்டு முன்னால உக்காந்தேன், ஒண்ணோட நிறுத்த முடியல. பொய்யி பட்டியல்தானேன்னு ஏத்தனேன்.

எழுதுங்க மேடம், அத எழுதுங்க.

மாமா எப்பிடிப்பட்டவருன்னு கேக்கறீங்க. குடிக்காதப்ப நல்லவருன்னு சொல்லணும், செத்தவங்கள அப்பிடித்தான சொல்றாங்க. நான் சொல்ல மாட்டேன். அந்தாளு குடிக்காமயும் அடிப்பான். என்ன இன்ஸ்டிடியூட்ல சேத்தவ எங்க அக்கா சார், ரெண்டு ஷிப்ட்டு தறி ஓட்டி. அவள அந்தாளு எட்டு வருசமா மாட்ட அடிக்கிற மாதிரி அடிச்சிக்கினு இருந்தான். அந்தத் திங்கக்கெழம தறி ஓட்டிக்கினே கண்ணசந்துட்டா போல, பாவு நூலு அறுந்துட்ச்சி. தறியில நாடாவ அடிச்சித் தள்ற கட்டை இருக்குது பாருங்க, அத்தக் கழட்டி மண்டைல போட்டிருக்கான். கீழ விழுந்தவள முதுகுல போட்டிருக்கான். செவ்வாக்கெழம காலைல ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கிறா. ஜாக்கெட்டு முதுகோட ஒட்டிக் காஞ்சி போயிருக்குது. கம்மல் இருந்த காது ரெண்டாப் பொளந்து தொங்குது. என்னப் பாத்து, சாப்ட்டியாடான்னு கேக்கறா சார்.

எனக்குக் கண்ணே தெரியல. அந்தாள வெட்டிப் போடலாம்னுதான் இருந்துச்சி. ஆமா, அதயும் எழுதுங்க, பயமில்ல. சுரேஷ்பாபு சார்தான் தோளப் புடிச்சி உக்கார வெச்சாரு. உனக்கு வெளிநாட்டு வேலைக்கு விசா வந்துட்ச்சி, இருவத்தி மூணாந் தேதி மெட்ராஸ்ல ஃபிளைட்டு, கேஸ்ல மாட்டிக்காத, போயி கம்ப்ளெய்ண்ட் குடு, போதும்னாரு. சரின்னு அக்காவ இட்டுக்கினு நகரி ஸ்டேஷனுக்குப் போனேன். அவ குடுக்க மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் திட்டி, கையப் புடிச்சி கம்ப்ளெய்ண்ட் அர்ஜீல கையெழுத்துப் போட வெச்சேன்.

எங்க மிஷினு அங்கதான் இருந்துச்சி. நாங்க வெச்சிட்டு வந்து பத்து நாளு, யாரும் தொடல. மேல துணி போத்தி, பொட்டு வெச்சி, தெனம் ஊதுபத்தி காட்டிக்கினு இருந்தாங்க. எஸ்ஐ சாரு, இது வேல செய்யுமாய்யான்னாரு. ஆளக் கொண்டாந்தா பேர அடிச்சிப் பாருங்க சார், எல்லாம் வரும்னு சொல்லிக் குடுத்தேன். அப்பறம் அக்காவ இட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் பூட்டேன், காதுக்குத் தையல் போட.

சாயங்காலம் மாமாவக் கொண்டாந்திருக்காங்க. பொண்டாட்டி கம்ப்ளெய்ண்ட்டு, தெனம் வர்றதுதான், ரெண்டு தட்டு தட்டி அனுப்பிருப்பாங்க. ஆனா பேர அடிச்சிப் பாத்தாங்க. கொல. கொல முயற்சி. போலீஸக் குத்துனவன். கத்தி வெச்சிருப்பான்.

லாக்கப்லயே உயிரு பூட்ச்சி, மீதி உங்களுக்கே தெரியும். ஆமா, நான் பொணத்தப் பாத்தேன். சித்தூர் ஆஸ்பத்திரில துணிய எடுத்துக் காட்டுனாங்க. ரெண்டு பாதமும் கத்திரிக்கா மாதிரி வீங்கிக் கெடந்துச்சி. கட்டவெரல்ல நகம் இல்ல. ஒரு பக்கம் நெஞ்சு உள்ள போயி, பள்ளமா இருந்துச்சி. கத்தி எங்கடா, கத்தி எங்கடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்களாம். ஹெட் கான்ஸ்டபிள் ஒருத்தரு என்கிட்ட அழுதுக்கினே சொன்னாரு. கடசீ வரைக்கும் அந்தாளு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாராம். நான் யாரையும் குத்தலைங்க, பொண்டாட்டியத்தாங்க அடிச்சேன், பொண்டாட்டியத்தாங்க அடிச்சேன்னு.

தண்ணி இருக்குதுங்களா? தேங்ஸ் சார்.

புரியுது சார். நீங்க கேக்கறது ஒண்ணுதான். பெட்டில பழகற பட்டியல் பேரு எப்பிடி இருந்துச்சி? டெமோக்குப் போட்டத மாத்தாம வுட்டுட்டியான்னு. ஸ்டேஷன்லயும் அப்பிடித்தான் சொல்றாங்க, கம்ப்யூட்டர் சொன்னத நம்பி செஞ்சோம்னு. சுரேஷ்பாபு சாரும் அதயேதான் எழுதிக் குடுத்தாரு, பொடியன் மறந்துட்டான், தெரியாமப் பண்ண தப்புன்னு. எல்லாருக்கும் நல்லதுதான அது? அவங்களுக்கு சஸ்பெண்டோட போவும். கம்பெனி தப்பிக்கும். நானு ஃபிளைட் ஏறிடுவேன். டிரைவரு மேல யாரும் கேஸ் போட முடியாது.

முடிஞ்சிதுங்களா? எங்க கையெழுத்துப் போடணும்? குடுங்க, ஒரு வாட்டி படிச்சிக்கறேன்.

எல்லாம் சரியாத்தான் அடிச்சிருக்காங்க. மேடம், இந்த மூணாவது பக்கத்துல மட்டும் ஒரு சின்னத் திருத்தம். பெட்டில பேர மாத்த மறந்துட்டேன்னு போட்டிருக்கீங்களே, அது தப்பு. நான் மறக்கல. மிஷினு வெச்ச அன்னிக்கே நெசப் பட்டியலுக்கு மாத்திட்டேன், நாலு பேரு அடிச்சிப் பாத்துட்டுத்தான் வந்தேன். அந்தச் செவ்வாக்கெழம ஸ்டேஷன் ரைட்டரு அக்காகிட்ட கேட்டு அர்ஜீ எழுதிக்கினு இருந்தாரு இல்ல, அப்ப நானு சர்வீஸ் பாக்கறேன்னு துணிய எடுத்துட்டு உக்காந்தேன். பெட்டியத் தெறந்து திரும்பப் பழகற பட்டியலுக்கே மாத்துனேன். ஒரு நிமிசம்கூட ஆவல. அப்பறம்தான் எஸ்ஐகிட்ட பேர அடிச்சிப் பாருங்கன்னு சொன்னேன்.

சாவடிக்கச் சொல்லல சார். நாலு அடி சேத்து விழட்டும்னு பாத்தேன். எட்டு வருசத்துக்கு நாலு அடி. காலைல போயி மாத்தி வுட்டுடலாம்னு இருந்தேன்.

ஏன் இப்ப சொல்றேனா? அந்தக் கட்டு கேட்டீங்களே. முந்தாநேத்து எங்கக்கா வலது கைய ஓடற தறிக்குள்ள நீட்டிட்டா. மூணு வெரலு நசுங்கிப் போச்சு. இந்தக் கைதான அர்ஜீல கையெழுத்துப் போட்டு அவரக் கொன்னுச்சின்னு கத்தறா. இன்னொரு கையயும் வெச்சிருப்பா, நைனா ஓடிப் போயி மோட்டார நிறுத்துனாரு.

அவ கை இல்ல சார், இந்தக் கை. எழுதுங்க மேடம், ஏன் நிறுத்திட்டீங்க? எழுதிட்டு அந்தக் கதவத் தெறந்து அவள உள்ள வரச் சொல்லுங்க.